தொட்டிலுக்கு எதிரே யார் நிற்பது?

தெலுங்கு இல்லங்களில் குழந்தை பிறந்த செய்தி வந்தவுடன் பஞ்சாங்கம் அலமாரியிலிருந்து கீழே இறங்கும். பாரசாலா எனப்படும் பெயர் சூட்டு வைபவத்தை 11ஆம் நாளிலேயே வைத்துக்கொள்வதா, அன்று நாள் கூடிவராவிட்டால் 21ஆம் நாளுக்குத் தள்ளுவதா என்று வீட்டுத் தாத்தய்யா புரோகிதருடன் கலந்து பேசுவார். முன்பெல்லாம் புரோகிதர், சமையற்காரர், மேளக்காரர் என்ற மூவரை அமர்த்திவிட்டால் அவருடைய பொறுப்பு நிறைவேறிவிடும். இப்போது நான்காவதாக ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார். அவர் புகைப்படக்காரர்.

முதல் மூவரையும் பெரியவர்கள் அமர்த்துகிறார்கள். நான்காமவரை மட்டும் இளையவர்கள் கைப்பேசியில் பத்துப் படங்களைப் பார்த்துவிட்டு அமர்த்திவிடுகிறார்கள். தாத்தய்யாவுக்கும் அம்மம்மாவுக்கும் காமிராவைப் பற்றி என்ன தெரியும் என்பது அவர்கள் எண்ணம். காமிராவைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். ஆனால் எந்தக் கணத்தைப் படம் எடுக்க வேண்டும், எந்தக் கணத்தில் யாரும் குறுக்கே வரக்கூடாது என்பதை அந்த வீட்டில் அறிந்தவர்கள் அவர்கள் மட்டுமே. ஆகவே இந்த நான்காமவரைத் தேர்ந்தெடுப்பதிலும் பெரியவர்களின் சொல் இருக்க வேண்டும். ஹைதராபாத், விஜயவாடா, விசாகப்பட்டினம் போன்ற ஊர்களில் உள்ளவர்களுக்கு மட்டுமன்றி, வீட்டில் தெலுங்கு பேசித் தலைமுறை தலைமுறையாகச் சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் வாழும் குடும்பங்களுக்கும், தெலுங்கு நாட்டில் சம்பந்தம் செய்துகொண்ட தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

பாரசாலாவின் முறையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொண்டால் இதன் காரணம் விளங்கும். விநாயகர் பூஜையும் புண்யாஹவாசனமும் முடிந்து, மாவிலையால் கலச நீர் வீடெங்கும் தெளிக்கப்படும். ஒரு தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, தந்தை தம்முடைய பொன் மோதிரத்தால் அதில் குழந்தையின் பெயரை எழுதுவார். குலதெய்வத்தின் பெயர், மாதப் பெயர், நட்சத்திரப் பெயர், பிறகு ஊரும் உறவும் அழைக்கப்போகும் வழக்கப் பெயர் என்று வரிசையாக எழுதும் வீடுகளும் உண்டு. எழுதிய பின் குழந்தையின் வலக்காதில் அந்தப் பெயரை மெல்லச் சொல்வார். தாய் கிணற்றடிக்குச் சென்று, கிணற்றுக்கு மஞ்சள் குங்குமம் இட்டு வணங்கி நீர் சேந்துவாள். கிணறு இல்லாத அடுக்குமாடி வீடுகளில் குழாய்க்கே மஞ்சளும் குங்குமமும் இட்டு அந்தச் சடங்கைக் காப்பாற்றி வருகிறார்கள். பிறகுதான் தொட்டில். குழந்தையைத் தொட்டிலில் இடுவதில் மேனத்தைக்கு, அதாவது தந்தையின் சகோதரிக்கு, தனி உரிமை தரும் குடும்பங்கள் பல. தொட்டிலை ஆட்டிக்கொண்டே முதிய பெண்கள் அன்னமாச்சாரியாரின் தாலாட்டைப் பாடுவார்கள். வந்திருக்கும் சுமங்கலிகளுக்கு ஊறவைத்த கொண்டைக்கடலையும் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்துத் தாம்பூலம் தரப்படும்.

இத்தனையும் நடப்பது ஒன்றரை மணி நேரத்திற்குள். அதில் பாதி, பூ அலங்காரம் செய்த மேடைக்கு வெளியே நடக்கிறது. முறை தெரியாத புகைப்படக்காரர் மேடையை விட்டு நகரமாட்டார். தாய் கிணற்றடிக்கோ குழாயடிக்கோ போவதை, இடையில் ஏதோ வீட்டு வேலைக்காகப் போகிறாள் என்று எண்ணி, அந்த நேரத்தில் தம் காமிராவின் பாட்டரியை மாற்றிக்கொண்டிருப்பார். பிரசவித்த பெண் நீருக்கு நன்றி சொல்லி மறுபடியும் இல்லறப் பணிக்குள் வரும் அந்தக் காட்சி எவருடைய ஆல்பத்திலும் இடம்பெறாமலே போய்விடும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இப்போது பல வீடுகளில் காணப்படுகிறது. தந்தை குனிந்து குழந்தையின் காதில் பெயரைச் சொல்கிறார். புரோகிதர் மந்திரத்தை முடிக்கிறார். "சார், சரியாக விழவில்லை. இன்னொரு முறை சொல்லுங்கள், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி" என்கிறார் புகைப்படக்காரர். தந்தை மறுபடியும் சொல்கிறார். அம்மாவும் சற்றுச் சிரிக்க வேண்டும் என்று மூன்றாம் முறை நடக்கிறது. மூன்றாம் முறை தந்தை உதட்டை மட்டும் அசைக்கிறார். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. ஆல்பத்தில் அழகாக இருப்பதால் இடம்பெறுவது அந்த மூன்றாவது படம். இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளை, தன் பெயரைத் தந்தை தனக்கு முதன்முதலில் சொன்ன கணம் என்று எண்ணி அந்தப் படத்தைப் பார்ப்பான். அவன் பார்ப்பது தந்தையின் வாயசைப்பு. சற்று மங்கலாக, தந்தையின் தோள் பாதி மறைத்தபடி முதலில் எடுத்த படமே உண்மையான படம். அதை மேசையிலேயே நீக்கிவிட்டிருப்பார்கள்.

எனவே புகைப்படக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அவரிடம் எத்தனை காமிராக்கள் உள்ளன என்பதன்று. "புரோகிதரை நிறுத்தச் சொல்வீர்களா?" என்பதே. தயங்காமல் "மாட்டேன்" என்பவரை அமர்த்தலாம். "தேவைப்பட்டால் ஒரு நிமிஷம்" என்று இழுப்பவரை அனுப்பிவிடலாம். முகூர்த்தம் அவருடைய நிமிஷத்துக்காகக் காத்திராது.

பல வீடுகளில் விருந்தினர் கண்டது புகைப்படக்காரரின் முதுகைத்தான் என்பதும் இதைச் சேர்ந்த குறைதான். தொட்டிலுக்கு எதிரே குழந்தையைப் பார்த்தபடி உட்கார வேண்டியவர்கள் கொள்ளுப்பாட்டியும் தாத்தாக்களும். அந்த இடத்தில் மூன்று பேர் காமிரா, விளக்கு, வீடியோ என்று வரிசையாக நின்றால், பெரியவர்கள் பின்னாலிருந்து எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நல்ல புகைப்படக்காரர் புரோகிதரின் தோளுக்குப் பின்னாலோ தொட்டிலின் தலைமாட்டிலோ நின்று வேலையை முடித்துக்கொள்வார். ஒருவரோ இருவரோ வந்தால் போதும். நாற்பது பேர் கூடும் கூடத்துக்குள் ட்ரோன் பறக்க விடுவது பற்றிப் பேச்செடுப்பவரிடம் அதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

குழந்தையின் நலம் இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. பதினொரு நாள் சிசுவின் கழுத்துக்குத் தன் தலையைத் தாங்கும் வலு இராது. இக்காலத்தில் குழந்தையைக் கூடைக்குள் சுருட்டி வைத்தும், பால்குடத்தில் உட்காரவைத்தும், இரு கைகளின் மேல் தாடையை ஊன்றி அது தானே தலையைத் தூக்கிப் பார்ப்பது போலவும் படங்கள் வருகின்றன. கடைசியாகச் சொன்ன படம் முறைப்படி எடுக்கப்படும் விதம் பலருக்குத் தெரியாது. உதவியாளர் ஒருவர் குழந்தையின் தலையைப் பிடித்துக்கொள்ள ஒரு படமும், கைகளைப் பிடித்துக்கொள்ள இன்னொரு படமும் எடுத்து, பிறகு கணினியில் இரண்டையும் இணைத்து, பிடித்த கைகளை அழித்துவிடுகிறார்கள். ஒரு கணமும் குழந்தை தனியாக அவ்வாறு இருப்பதில்லை. இதை அறியாத ஒருவர், இணையத்தில் பார்த்த படத்தை அப்படியே உங்கள் பேரனை வைத்துச் செய்ய முயன்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. "இந்தப் படம் எப்படி எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். இணைத்தது என்று ஒளிக்காமல் சொல்பவர் தொழில் தெரிந்தவர். அவ்வளவு சிரமப்பட்டு எடுத்த அந்தப் படம் ஒரு பாரசாலாவுக்கு வேண்டியதுதானா என்பது வேறு விஷயம். தொட்டிலும் பட்டுத் துணியும் அம்மம்மாவின் மடியும் இருக்கும்போது பால்குடம் எதற்கு?

காய்ச்சல், சளி, இருமல் உள்ளவர் அன்று வரக்கூடாது, தமக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். இது உறவினர்களிடம் சொல்லக் கூச்சமான விஷயம். தொழிலுக்கு வருபவரிடம் சொல்லக் கூச்சம் வேண்டாம். வந்தவுடன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவச் சொல்லலாம். குழந்தை பசித்து அழுதால் காமிரா அறையை விட்டு வெளியேற வேண்டும். தாய்க்குப் பிரசவ அசதி தீராத நாட்கள் அவை. மூன்று முறை புடவை மாற்றச் சொல்வது கருணையற்ற செயல்.

இங்கே ஒரு பழைய செய்தி நினைவுகூரத் தக்கது. நிஜாம் காலத்து ஹைதராபாத்தில் புகழ்பெற்று விளங்கிய ராஜா தீன் தயாள், 1892இல் அங்கே பெண்களுக்கென்றே ஒரு தனி ஸ்டுடியோவைத் தொடங்கினார். அதை நடத்தும் பொறுப்பை ஓர் ஆங்கிலேயப் பெண்மணியிடம் ஒப்படைத்தார். அந்நிய ஆடவர் முன் வர விரும்பாத பெண்களும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே நோக்கம். அந்த ஊரிலேயே இன்று குழந்தைப் படங்கள் எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பிரசவித்துப் பதினொரு நாளான தாய் இருக்கும் அறைக்குள் ஒரு பெண் காமிராவுடன் வருவது எவ்வளவு இயல்பாக இருக்கும் என்பதை வீட்டுப் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள். கிடைக்குமானால் அவர்களை முதலில் விசாரிப்பது நல்லது.

வெளிச்சம் பற்றியும் பெரியவர்கள் இரண்டு வார்த்தை அறிந்திருக்கலாம். முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடித்தால் தூங்கும் குழந்தை திடுக்கிட்டு விழித்து அழும். ஜன்னல் வெளிச்சத்தைப் பயன்படுத்தலாம். அது போதாதபோது ஃபிளாஷை மேற்கூரையை நோக்கித் திருப்பி அடித்தால் வெளிச்சம் மெதுவாக இறங்கும். அரிசியில் எழுதிய பெயருக்கும் இதுவே விதி. வெள்ளை அரிசியின் மேல் நேராக ஒளி விழுந்தால் எல்லாம் ஒரே வெண்மையாகி எழுத்து மறைந்துபோகும். பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழும் ஒளியில்தான் மோதிரம் கீறிய பள்ளங்களில் நிழல் விழுந்து பெயர் படிக்கும்படி நிற்கும். தாம்பாளத்தை ஜன்னலோரமாக வைக்கச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. புகைப்படக்காரர் இதைத் தாமே கேட்டுக்கொண்டால் அவர் பல பாரசாலாக்களைக் கண்டவர் என்று நம்பலாம்.

இன்னொரு சிறு விஷயம். குழந்தையின் கன்னத்திலும் உள்ளங்காலிலும் அம்மம்மா மையால் திருஷ்டிப் பொட்டு வைக்கிறார். படங்களைக் கணினியில் மெருகேற்றும்போது கன்னத்துப் பொட்டை ஏதோ கறை என்று அழித்துவிடுகிறார்கள். சில ஆல்பங்களில் ஒரு படத்தில் பொட்டு இருக்கும், அடுத்த படத்தில் இராது. குழந்தையின் நிறத்தையும் இரண்டு படி வெளுப்பாக்கித் தருவது இப்போதைய பழக்கம். பொட்டு, மச்சம், நிறம் எதையும் தொடக்கூடாது என்று எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். பகவான் தந்த நிறம் அப்படியே இருக்கட்டும்.

அடுத்தது அன்னப்பிராசனம். ஆண் குழந்தைக்கு ஆறு, எட்டு போன்ற இரட்டைப்படை மாதத்திலும், பெண் குழந்தைக்கு ஐந்து, ஏழு போன்ற ஒற்றைப்படை மாதத்திலும் முதல் அன்னம் ஊட்டுவது மரபு. பொன் மோதிரத்தாலோ வெள்ளிக் கரண்டியாலோ பரமான்னத்தைத் தொட்டு நாவில் வைப்பார்கள். அதன் பிறகு தெலுங்கு இல்லங்களில் நடக்கும் ஒரு விளையாட்டுக்காகவே உறவினர் கூட்டம் காத்திருக்கும். தரையில் புத்தகம், எழுதுகோல், பொன் நகை, பணம், கத்தி, பழம், பூ ஆகியவற்றைப் பரப்பிக் குழந்தையைத் தவழ விடுவார்கள். அது முதலில் எதைத் தொடுகிறதோ அதுவே அதன் வருங்காலத்தைக் காட்டும் என்பது நம்பிக்கை.

இதை எடுப்பவர் நின்றுகொண்டு எடுத்தால் குழந்தையின் உச்சந்தலை மட்டுமே விழும். அவர் தரையில் படுத்துக்கொள்ளவும் கூச்சப்படாதவராக இருக்க வேண்டும். கை எதன் மேல் படுகிறது என்பதும், அந்தக் கணத்தில் பின்னால் நிற்பவர்களின் முகங்களும் ஒரே படத்தில் அமைவது அதிர்ஷ்டம். ஆனால் பெற்றோர் விருப்பப்படி டாக்டரின் ஸ்டெதஸ்கோப்பை மட்டும் அருகில் நகர்த்திவைத்து, கத்தியையும் பழத்தையும் எட்டத்தில் தள்ளி, "இப்போது எடுங்கள்" என்று சொல்லும் வீடுகளும் இருக்கின்றன. விளக்கின் வசதிக்காகப் பொருள்களின் வரிசையை மாற்றும் புகைப்படக்காரரும் உண்டு. குழந்தை பழத்தை எடுத்து வாயில் வைத்துக்கொள்ள விரும்பினால் எடுக்கட்டுமே. அந்தப் படத்தைப் பார்த்து அது பிறகு எத்தனை முறை சிரிக்கும்!

புட்டு வெண்ட்ருகலு எனப்படும் முதல் முடி இறக்குதலுக்கு மேனமாமாவின் மடி வேண்டும். தாய்மாமன் முதல் கற்றையைக் கத்தரித்தபின் நாவிதர் தொடர்வார். திருமலையில் நேர்ந்துகொண்டவர்கள் கல்யாணகட்டாவில் முடி இறக்குகிறார்கள். அங்கே போவதற்குப் புகைப்படக்காரரையும் பயணச் செலவோடு அமர்த்திக்கொள்ளும் குடும்பங்கள் ஒன்றை மறந்துவிடுகின்றன. திருமலைக் கோயிலுக்குள் காமிராவுக்கும் கைப்பேசிக்கும் அனுமதி கிடையாது. முன்பே விசாரிக்காமல் அழைத்துச் சென்று, வாசலில் காவலரிடம் வாதாடி, தரிசன நேரத்தில் மனம் கலங்கி நிற்பதில் என்ன பயன்? வீட்டில் புறப்படுமுன் மேனமாமாவின் மடியில் கறுத்த சுருள் முடியோடு ஒரு படம், திரும்பி வந்ததும் மொட்டைத் தலையில் சந்தனம் குளிர ஒரு படம். இரண்டையும் உறவினர் பிள்ளை ஒருவனே எடுத்துவிடலாம். நடுவில் நடந்தது ஸ்ரீநிவாசனுக்கும் குழந்தைக்கும் உள்ள விஷயம்.

கோதாவரிக் கரையில் உள்ள பாஸர ஞான சரஸ்வதி சன்னிதியில் அக்ஷராப்யாசம் செய்பவர்களுக்கும் இதே யோசனைதான். வசந்த பஞ்சமி அன்று அங்கே கூடும் கூட்டத்தில் பெரிய விளக்குகளுக்கு இடமேது? கோயில் அலுவலகத்தில் அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அனுமதி கிடைத்தாலும் ஒரு படம் போதும். பலகையின் மேல் குழந்தையின் சிறு கை, அதைப் பிடித்திருக்கும் தந்தையின் கை அல்லது தாத்தாவின் கை. முகங்கள் வராவிட்டாலும் பாதகமில்லை.

போகி பள்ளு சற்று வேறு வகை. போகிப் பண்டிகையின் மாலையில் சிறு குழந்தைகளை மணையில் அமர்த்தி, இலந்தைப் பழம், சில்லறைக் காசு, கரும்புத் துண்டு, பூவிதழ், ஊறிய கடலை ஆகியவற்றைக் கலந்து தலையில் பொழிவார்கள். இலந்தைக்குப் பதரீ பழம் என்று பெயர். நர நாராயணர் தவமிருந்த பதரிகாசிரமத்தை நினைவூட்டுவதாகப் பெரியோர் சொல்வர். பொழிவது இரண்டு கணம். காமிரா மிக விரைவாக இயங்கினால்தான் பழங்கள் காற்றில் நிற்பது போல் விழும். இல்லாவிட்டால் கோடுகளாகத்தான் தெரியும். மாலை வேளை, விளக்கு வெளிச்சம், ஓடி வரும் பிள்ளைகள் என்று எல்லாம் சேர்ந்த கடினமான வேலை இது. கைதேர்ந்தவரை அமர்த்தச் செலவு செய்வதானால் இதற்குச் செய்யலாம். அத்தைமார், பாட்டிமார், அக்கம்பக்கத்தார் என்று ஒவ்வொருவராக வந்து பொழிவதால், முதலில் ஒன்று தவறினாலும் அடுத்தது கிடைக்கும். ஒருவரையும் மறுபடி பொழியச் சொல்ல வேண்டிய அவசியம் நேராது.

சரி, ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? எல்லோரும் காட்டுவது நூறு நிகழ்ச்சிகளில் பொறுக்கிய நூறு சிறந்த படங்கள். அதைப் பார்த்து முடிவு செய்வது, ஒருவருடைய கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கத்தை மட்டும் பார்த்துக் கடன் கொடுப்பது போன்றது. ஒரே பாரசாலாவின் படங்களை முதலிலிருந்து கடைசி வரை, எடுத்த வரிசையிலேயே காட்டச் சொல்லுங்கள். அதில் அரிசித் தாம்பாளம் இருக்கிறதா, கிணற்றடி இருக்கிறதா, பாட்டிகள் பாடும் முகங்கள் இருக்கின்றனவா, அல்லது நாற்பது படமும் பூ அலங்காரத்தின் முன் நிற்பவைதானா என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் அவர் காட்டுகிறாரா என்றும் கேளுங்கள். கேட்காமலே பிறர் வீட்டுக் குழந்தையை உங்களுக்குக் காட்டுபவர், நாளை உங்கள் வீட்டுக் குழந்தையை யாருக்கு வேண்டுமானாலும் காட்டுவார்.

பேசியதை எழுத்தில் வைப்பது அவசியம். நாள், வர வேண்டிய நேரம், வருபவர் எத்தனை பேர், தொகை, முன்பணம், படங்கள் கைக்கு வரும் தேதி, ஆல்பத்தின் பக்கங்கள் எல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும். முகூர்த்தம் காலை ஏழு மணிக்கு என்றால் அவர் ஆறு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். முழுத் தொகையையும் முன்னதாகக் கொடுத்துவிட்டுப் பிறகு ஆல்பத்துக்காக நடையாய் நடப்பவர்கள் இன்றும் குறையவில்லை. இறுதித் தவணை ஆல்பம் கைக்கு வந்த பிறகே என்று சொல்வதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

சட்டம் ஒன்றும் இதில் உண்டு. பணம் கொடுத்து ஒருவரைப் படம் எடுக்கச் சொன்னால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத வரை, அந்தப் படத்தின் பதிப்புரிமைக்கு முதல் உரிமையாளர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் சொல்கிறது. இதில் கவனிக்க வேண்டியது 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத வரை' என்ற தொடர். சிலருடைய அச்சிட்ட படிவத்தின் கடைசியில் பொடி எழுத்தில், படங்களின் உரிமை தம்முடையது என்றும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்றும் இருக்கும். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்து, அந்த வரியை அடித்துவிட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். குழந்தையின் பெயர், நட்சத்திரம், பெற்றோரின் முகம், வீட்டு வாசல் ஆகிய அனைத்தும் ஊரறிய இணையத்தில் கிடப்பதை எந்தத் தாத்தா விரும்புவார்?

ஆளை அமர்த்திய பிறகு பெரியவர்கள் செய்ய வேண்டியது ஒரு பட்டியல். சடங்குகளின் வரிசையையும், இன்னார் இன்ன உறவு என்பதையும் தெளிவாக எழுதி, முதல் நாளே அவரிடம் கொடுத்துவிட வேண்டும். மேனமாமா யார், மேனத்தை யார் என்பது வெளியாளுக்கு எப்படித் தெரியும்? நல்ல உடை உடுத்தியவரைச் சுற்றியே காமிரா திரியும். வீட்டுப் பையன் ஒருவனை அவருடன் நிறுத்தி, "இவர் கொள்ளுத் தாத்தா, இவரை முதலில்" என்று காட்டச் சொல்லலாம். கொள்ளுப்பாட்டிக்கு எண்பத்தைந்து வயது என்றால் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பி மேடைக்கு அழைக்க வேண்டாம். தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்து அவர் மடிக்குக் கொண்டுபோகட்டும்.

அந்தப் பட்டியலில் பலமுறை விட்டுப்போகும் பெயர் ஒன்று உண்டு. கணவரை இழந்த பாட்டி. மங்கல காரியம் என்று அவரே ஒதுங்கிச் சமையலறை வாசலில் நின்றுகொள்வார். பதினொரு இரவும் அழுத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவர் அவர். காலையில் அதற்கு எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவரும் அவர்தான். ஐந்நூறு படங்கள் எடுத்த ஆல்பத்தில், ஒரு படத்தின் ஓரத்தில் வெளிறிய புடவைத் தலைப்பு மட்டும் தெரியும்; அதுதான் அவர். தாம்பூலத்துக்கு யாரை அழைப்பது என்பதில் அந்தந்த வீட்டு வழக்கம் எதுவாகவும் இருக்கட்டும். பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளப் பாட்டிக்கு என்ன தடை? வீட்டுத் தலைவர் தாமே எழுந்து சென்று, "ரா அம்மா, வந்து உட்கார்" என்று அழைத்து அமர்த்த வேண்டும். புகைப்படக்காரர் அதைச் செய்ய முடியாது. அவர் காத்திருந்து எடுக்கத்தான் முடியும்.

எந்தப் புகைப்படக்காரரையும் அமர்த்த முடியாத வைபவங்களும் தெலுங்கு இல்லங்களில் இருக்கின்றன. குழந்தை குப்புற விழுந்தால் பொப்பட்லு எனப்படும் போளி, சிரித்தால் நுவ்வுண்டலு எனப்படும் எள்ளுருண்டை, உட்கார்ந்தால் குடுமுலு எனப்படும் கொழுக்கட்டை, அடியெடுத்து வைத்தால் அரிசெலு எனப்படும் அதிரசம் என்று, செயலின் முதல் எழுத்துக்கும் பண்டத்தின் முதல் எழுத்துக்கும் மோனை போல் பொருத்தி அக்கம்பக்கத்தாருக்கு வழங்குவார்கள். இவற்றுக்கு முகூர்த்தம் கிடையாது. குழந்தை எப்போது நினைக்கிறதோ அப்போது. அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது பாட்டியும் அவருடைய கைப்பேசியும் மட்டுமே. படம் கோணலாக வந்தாலும் அதற்கு ஈடில்லை.

படங்கள் கைக்கு வந்ததும் பென் டிரைவில் ஒன்று, மகன் வீட்டுக் கணினியில் ஒன்று என்று இரண்டு இடங்களில் பிரதி இருக்கட்டும். ஆனால் காகிதத்தில் அச்சிட்ட இருபது படங்களாவது வேண்டும். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் மென்மையான பென்சிலால் ஆண்டு, மாதம், திதி, நட்சத்திரம், இடமிருந்து வலமாக நிற்பவர்களின் பெயர், உறவு முறை ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். பேனாவின் மை காலப்போக்கில் முன்பக்கத்துக்கு ஊறிவிடும். இந்த வேலையை இளையவர்களிடம் விட வேண்டாம். கொள்ளுப்பாட்டியின் முழுப் பெயர் அவர்களில் பலருக்குத் தெரியாது. பாரசாலா முடிந்த வாரத்திலேயே, எல்லோர் பெயரும் நினைவில் இருக்கும்போதே, ஒரு பிற்பகலில் உட்கார்ந்து எழுதி முடித்துவிடலாம்.